மீசை வைத்தவனும் ஊர் சொன்ன கதைகளும்: எஸ். ஹரீஷை முதன்முறை வாசிப்பவர்களுக்கு

மலையாள இலக்கியம் என்றதும் நம்மில் பலருக்கு பஷீர், தகழி, எம்.டி. என்று ஒரு வரிசை சட்டென்று நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு வந்தவர்கள் யார் என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறுவோம். ஆனால் அந்தப் பின்வரிசையில் ஒருவருடைய எழுத்தைப் பெயர் தெரியாமலேயே நாம் பார்த்திருக்கிறோம். 'ஜல்லிக்கட்டு', 'சுருளி', 'நண்பகல் நேரத்து மயக்கம்' மூன்றையும் இயக்கியவர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி என்பது சினிமா ரசிகர்களுக்குத் தெரியும். மூன்றுக்கும் திரைக்கதையில் கை வைத்தவர் எஸ். ஹரீஷ் என்பது அவ்வளவாகத் தெரியாது. அவர் முதலில் சிறுகதைக்காரர், பிறகு நாவலாசிரியர். சினிமா அதற்கப்புறம் வந்தது.

அவரை வாசிக்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு சாவியை முதலிலேயே கொடுத்துவிடலாம். ஹரீஷின் உலகத்தில் ஒரு மனிதன் யார் என்பதை அவன் முடிவு செய்வதில்லை. ஊர் முடிவு செய்கிறது. டீக்கடையில், படகில், கள்ளுக்கடையில், வயல் வரப்பில் நாலு பேர் கூடிப் பேசும் பேச்சு அவனை வீரனாக்கும், பேயாக்கும், திருடனாக்கும். சில சமயம் அவன் செத்த பிறகும் அந்தப் பேச்சு ஓயாது. இதை மனதில் வைத்துக்கொண்டால், முதல் வாசிப்பில் சிதறிக் கிடப்பதுபோலத் தெரியும் அவருடைய கதைகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கும்.

ஹரீஷ் 1975இல் கோட்டயம் மாவட்டத்தில் நீண்டூரில் பிறந்தவர். வருவாய்த் துறையில் ஊழியராக இருந்தவர். நிலம், எல்லை, வாரிசு, வரி என்று ஒரு நாட்டின் சண்டைகள் எல்லாம் முதலில் வந்து நிற்கும் துறை அது. இந்த வேலைக்கும் அவருடைய எழுத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கு எவ்வளவு மண், அதை யார் உழுதார்கள், யார் பெயரில் எழுதினார்கள் என்ற கணக்கு அவருடைய பக்கங்களில் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போது அப்படி நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முதல் தொகுப்பு 'ரசவித்யையுடெ சரித்ரம்'. அடுத்து வந்த 'ஆதம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு 2016ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 2018இல் வந்த முதல் நாவல் 'மீச' (மீசை) அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக்கியது. அதில் பாதிக் காரணம் இலக்கியம், மீதிப் பாதி வம்பு. 2022இல் 'ஆகஸ்ட் 17', பிறகு 'பட்டுநூல்புழு' ஆகிய நாவல்கள் வந்தன.

சிறுகதைகளில் அவர் எடுத்துக்கொள்ளும் விஷயங்கள் வேடிக்கையாகத் தொடங்கும். கேரளத்து நாளிதழ்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இறந்தவர்களுக்கென்றே தனிப் பக்கம் இருக்கும். கட்டம் கட்டமாகச் சின்னச் சின்னப் படங்கள், கீழே பெயர், வயது, வீட்டுப்பெயர், அடக்கம் எப்போது என்ற விவரம். காலைச் சாயாவோடு பலரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். ஹரீஷின் ஒரு கதையில் இரண்டு பேர் அந்த மரண அறிவிப்புகளை வைத்துச் சீட்டாட்டம் மாதிரி ஒரு விளையாட்டு நடத்துகிறார்கள். தாளில் இருக்கும் முகங்கள் ஆட்டக்காய்களாகிவிடுகின்றன. வாசிக்கும்போது சிரிப்பு வரும், கூடவே ஒரு கூச்சமும் வரும். நாமும் தினசரி அதையேதான் செய்கிறோம், பந்தயம் மட்டும் கட்டுவதில்லை. இந்தக் கதையையும் வேறு சில கதைகளையும் சேர்த்துத்தான் சஞ்சு சுரேந்திரன் 'ஏதன்' என்ற படத்தை எடுத்தார்.

'மாவோயிஸ்ட்' என்ற கதையும் 'ஆதம்' தொகுப்பில் உள்ளதுதான். அறுப்புக்குக் கொண்டுவந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, ஊரே அதைப் பிடிக்க ஓடுகிறது. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் மாட்டைத் துரத்தப் போனவர்கள் பழைய பகை, பொறாமை, பெண் விவகாரம், அந்தஸ்துச் சண்டை எல்லாவற்றையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறார்கள். தலைப்பில் இருக்கும் அரசியல் சொல் கதையில் நடப்பவற்றின் மேல் ஒரு விஷமச் சிரிப்பைப்போல நிற்கிறது. இதுதான் 2019இல் 'ஜல்லிக்கட்டு' ஆனது. ஹரீஷும் ஆர். ஜெயகுமாரும் திரைக்கதை எழுதினார்கள். 93ஆவது ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம் அதுதான். பெயரைப் பார்த்து அலங்காநல்லூரை எதிர்பார்த்து உட்கார்ந்த நம்மூர்க்காரர்கள் ஏமாந்திருப்பார்கள், அங்கே வாடிவாசலும் இல்லை, காளையை அணையும் வீரரும் இல்லை. மலையோரத்துக் கிராமம், இருட்டு, டார்ச் வெளிச்சம், மனிதக் கூட்டம்.

சரி, 'மீச'வுக்கு வருவோம். அதற்கு முன்னால் குட்டநாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாவலின் பாதி விளங்காது. நாவலின் உண்மையான கதாநாயகன் அந்த நிலம்தான் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கும் அதில் உடன்பாடு.

குட்டநாடு என்பது ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களில் வேம்பநாட்டுக் காயலை ஒட்டிப் பரந்து கிடக்கும் தாழ்நிலம். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் வந்து சேரும் இடம். இங்கே வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் அதிகத் தாழ்வு. வயலில் நின்று பார்த்தால் பக்கத்துக் கால்வாயில் போகும் படகு நம் தலைக்கு மேலே போவதுபோலத் தெரியும். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013இல் இந்த வேளாண்மை முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த பாரம்பரியங்களில் ஒன்றாக அறிவித்தது.

இந்த நிலம் தானாக உண்டானது இல்லை. காயலைத் தடுத்து எடுத்தது. தென்னை மரத்துண்டுகளை வரிசையாகக் காயலுக்குள் அடித்து இறக்கி, இரண்டு வரிசைக்கு நடுவே மணலும் தழையும் மரக்கிளையும் போட்டு, காயலின் அடியில் மூழ்கி வாரி எடுத்த சேற்றைக் கட்டி வரம்பு எழுப்ப வேண்டும். பிறகு உள்ளே தேங்கி நிற்கும் தண்ணீரை இறைக்க வேண்டும். ஒரு காலத்தில் அதற்கு மரச் சக்கரம். ஆட்கள் மேலே உட்கார்ந்து இரவு பகலாக மிதிப்பார்கள். பின்னால் இயந்திரம் பொருத்திய 'பெட்டியும் பறையும்' என்ற இறைப்பு முறை வந்தது. தண்ணீர் வடிந்தால்தான் விதைப்பு. நட்ட நடுவில் வரம்பு உடைந்தால் அந்த வருஷம் போயிற்று.

மூழ்கிச் சேறு எடுத்தவர்களும், சக்கரம் மிதித்தவர்களும், உடைந்த வரம்பில் நெஞ்சைக் கொடுத்து நின்றவர்களும் பெரும்பாலும் புலையர், பறையர் சமூகத்தவர். நிலம் நாயர், சிரியன் கிறிஸ்தவ முதலாளிகளின் பெயரில். உடைப்பை அடைக்க ஆட்களையே வரம்புக்குள் வைத்துக் கட்டினார்கள் என்று நாட்டார் கதைகள் அங்கே இன்றும் சொல்லப்படுகின்றன. இரண்டாம் உலகப்போரில் பர்மா ஜப்பானியர் கையில் போனதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பஞ்சம். அந்தக் காலகட்டத்தில்தான் முரிக்கன் என்ற பெருமுதலாளி சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று மன்னர் குடும்பத்துப் பெயர்களை வைத்து மூன்று பெரிய காயல் நிலங்களை மீட்டெடுத்தார். சோறு இல்லாத நாடு, சோற்றை விளைவிப்பவனுக்கே சோறு இல்லாத நிலைமை. 'மீச'யின் காற்றில் இருப்பது இந்தப் பசிதான்.

இனி கதை. வாவச்சன் ஒரு புலைய இளைஞன். குட்டநாட்டுக்கு ஒரு நாடகக் குழு வருகிறது. நாடகத்தில் போலீஸ்காரன் வேஷத்துக்கு ஆள் வேண்டும், பெரிய மீசை வேண்டும். வாவச்சனைப் பிடித்துப் போடுகிறார்கள். இரண்டே காட்சி, வசனம் கிடையாது. மேடைக்கு வந்து நின்றால் போதும்.

அவன் வந்து நிற்கிறான், சபை நடுங்கிப்போகிறது. பார்வையாளர்களில் பெரும்பாலோர் மேல்சாதியினர். ஒரு புலையனின் முகத்தில் அப்படியொரு மீசையை அவர்கள் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அந்தச் சமூகத்து ஆண்கள் மீசை வைப்பதற்கே தடை இருந்தது. கதைகளில் கேட்டிருந்த ராவணனும் அரக்கர்களும் திடீரென்று எதிரே எழுந்து நிற்பதுபோல அவர்களுக்குப் படுகிறது. நாடகம் முடிகிறது. வேஷம் கலைகிறது. மீசையை மட்டும் வாவச்சன் எடுக்க மறுத்துவிடுகிறான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒரு எழுத்தாளருக்கு இங்கே சுலபமான வழி ஒன்று இருக்கிறது. வாவச்சனைக் கிளர்ச்சிக்காரனாக்கி, நாலு வசனம் பேசவைத்து, கடைசியில் ஜமீன்தாரை எதிர்க்கவைக்கலாம். ஹரீஷ் அதைச் செய்யவில்லை. வாவச்சன் ஏன் மீசையை எடுக்கவில்லை என்பதற்கு நாவல் பெரிய விளக்கம் எதுவும் தருவதில்லை. அவன் ஓடுகிறான், ஒளிகிறான், பசிக்கிறது, மலேயாவுக்குப் போக வழி தேடுகிறான், சீதை என்ற பெண்ணைத் தேடுகிறான். அவனைப் பிடிக்க ஆட்கள் அலைகிறார்கள். அவன் அகப்படுவதில்லை. அகப்படாத இடத்தையெல்லாம் ஊர்ப்பேச்சு நிரப்புகிறது. ஒரே ராத்திரியில் இரண்டு ஊர்களில் பார்த்தார்களாம். தண்ணீருக்கடியிலேயே போய்விடுவானாம். எங்கே நெல் திருடு போனாலும் மீசை, எங்கே ஒருவன் பயந்து காய்ச்சலில் விழுந்தாலும் மீசை. கொஞ்ச நாளில் வாவச்சன் என்ற ஆள் தேவையே இல்லாமல் போகிறது. மீசை தனியாக நடமாட ஆரம்பிக்கிறது. பாட்டுக் கட்டுகிறார்கள். குழந்தைகளைத் தூங்கவைக்க அவன் பெயரைச் சொல்கிறார்கள்.

தகழி சிவசங்கரப் பிள்ளையும் இதே குட்டநாட்டுப் புலையர்களைப் பற்றி எழுதியவர். 'செம்மீன்' எழுதிய அதே தகழிதான், சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் நாம் படித்தது. 1948இல் வந்த அவருடைய 'ரெண்டிடங்ஙழி'யில் கோரன் என்ற புலையத் தொழிலாளி மெல்ல மெல்ல விழிப்படைந்து சங்கத்தில் சேர்கிறான், சிறைக்குப் போகிறான். அந்தக் காலத்துக்கு அது பெரிய பாய்ச்சல். ஆனால் அங்கே கோரனின் கதையை வரலாறு எடுத்துச் செல்கிறது, அவனுக்கு ஒரு கொடி கிடைக்கிறது. வாவச்சனுக்குக் கொடி இல்லை, கட்சி இல்லை, பேசத் தெரிந்த தலைவர் இல்லை. முகத்தில் கொஞ்சம் முடி, அவ்வளவுதான். அதற்கே ஊர் தூக்கத்தை இழக்கிறது. இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்து வாசித்தால் எழுபது வருஷத்தில் மலையாளப் புனைவு எங்கே திரும்பியிருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

நாவலைச் சொல்லும் விதமும் கவனிக்க வேண்டியது. இன்றைய காலத்து எழுத்தாளன் ஒருவன் தன் மகனுக்குக் கதை சொல்வதாக ஒரு வெளிச்சட்டம் இருக்கிறது. அந்தச் சிறுவன் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பான். அப்பா மாற்றிச் சொல்வார். ஆக நாம் வாசிப்பதே ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் கேள்விப்பட்ட கதைதான். அதற்குள் இன்னொருவர் சொன்னது, அதற்குள் வேறொருவர் பாடியது. வரலாற்றில் வாழ்ந்த மனிதர்கள் பெயரோடு வந்து போவார்கள். முதலையும் மீனும்கூடத் தங்கள் பங்குக்குக் கதைக்குள் இடம் கேட்கும். முதல் ஐம்பது பக்கங்களில் யார் யார் என்று பிடிபடாமல் தலை சுற்றினால் பயப்பட வேண்டாம். எல்லாரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாவல் எதிர்பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

இப்போது வம்பு.

கேரளத்தில் தீவிர இலக்கிய நாவல்கள் வாரப் பத்திரிகைகளில் தொடராக வரும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' 1968இல் மாத்ருபூமி வார இதழில்தான் தொடராக வந்தது. கே.ஆர். மீராவின் 'ஆராச்சார்' மாத்யமம் வார இதழில் வந்தது. 'மீச'யும் அப்படித்தான் 2018 ஜூலையில் மாத்ருபூமி வார இதழில் ஆரம்பித்தது. மூன்று வாரம் வந்தது.

வெளிச்சட்டத்தில் ஓர் இடம். கதைசொல்லியும் அவனோடு நடைப்பயிற்சி போகும் நண்பனும் பேசிக்கொள்கிறார்கள். பெண்கள் குளித்து உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவதைப் பற்றி அந்த நண்பன் கொச்சையாக ஒரு கருத்துச் சொல்கிறான். ஆண்கள் தங்களுக்குள் பேசும் அசட்டுப் பேச்சு. அந்தச் சில வரிகளை மட்டும் வெட்டி எடுத்து சமூக ஊடகத்தில் போட்டார்கள். இந்துப் பெண்களையும் கோயிலையும் ஹரீஷ் இழிவுபடுத்திவிட்டார் என்று கிளம்பியது. மிரட்டல் வந்தது, வசை வந்தது, குடும்பத்தாரையும் விடவில்லை. ஜூலை 21 வாக்கில் ஹரீஷ் தொடரை நிறுத்திக்கொண்டார். முழு நாவலை யாரும் படித்திருக்க முடியாத நிலையில், படித்ததாக எல்லாரும் பேசினார்கள். வாவச்சனுக்கு நடந்தது அவனை எழுதியவருக்கும் நடந்தது. இதை ஏதோ அழகான தற்செயல் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மிரட்டலுக்கு ஆளான குடும்பத்துக்கு அதில் அழகு ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் புத்தகம் நிற்கவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே டி.சி. புக்ஸ் நாவலை முழுதாக வெளியிட்டது. அந்த மாதம்தான் கேரளத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. குட்டநாடு ஜூலையிலேயே தண்ணீரில் நின்றது. வரம்பு உடைவதைப் பற்றிய நாவலை வரம்புகள் உடைந்துகொண்டிருந்த நாட்களில் மக்கள் வாங்கினார்கள்.

தடை கேட்டு ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, ஏ.எம். கான்வில்கர், டி.ஒய். சந்திரசூட் அடங்கிய அமர்வு 2018 செப்டம்பர் 5 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பின் சாரம் ஒரு வாசகன் எப்படி வாசிக்க வேண்டும் என்ற பாடம் போலவே இருக்கிறது. ஒரு படைப்பை முழுதாக வைத்துப் பார்க்க வேண்டும். பாத்திரங்கள் பேசிக்கொள்வதைப் பிய்த்தெடுத்து ஆசிரியரின் பிரகடனமாக்கக் கூடாது. ஓவியன் நிறங்களைக் கையாள்வதுபோல எழுத்தாளன் சொற்களைக் கையாள உரிமை உண்டு. விசாரணையின்போதே, புத்தகங்களைத் தடை செய்யும் பழக்கம் கருத்துகளின் ஓட்டத்தைப் பாதிக்கும் என்று அமர்வு சொல்லியிருந்தது.

நமக்கு இது பழகிய கதைதான். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தந்த தீர்ப்பு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டு வழக்குகளிலும் புண்படுத்தியதாகச் சொன்னது ஒரு நாவலின் சில பக்கங்கள், இரண்டிலும் பிரச்சினை கோயிலும் பெண்களும். வித்தியாசம் என்னவென்றால் ஹரீஷ் விவகாரத்தில் முதலமைச்சர் பினராயி விஜயன் வெளிப்படையாக எழுத்தாளர் பக்கம் நின்றார். நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் எழுத்தாளரையே பணியவைத்தது தெரிந்ததே.

விருதுகள் பின்னால் வந்தன, ஒவ்வொன்றும் பழைய சண்டையைக் கொஞ்சம் கிளறிவிட்டே வந்தன. 2019ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்ய அகாதெமி நாவல் விருது, 2022இல் வயலார் விருது. ஜெயஸ்ரீ களத்தில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2020இல் இந்தியப் புனைவுக்கான ஜேசிபி இலக்கியப் பரிசை வாங்கியது. எழுத்தாளருக்கு 25 லட்சம், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம். அந்தப் பரிசின் முதல் நான்கு ஆண்டுகளில் மூன்று மலையாள நாவல்களுக்கே போனது: 2018இல் பென்யாமின், 2020இல் ஹரீஷ், 2021இல் எம். முகுந்தன். (2023இல் அது பெருமாள்முருகனுக்கு வந்தது.) மலையாளத்தில் எழுத்து வலுவாக இருக்கிறது என்பது ஒரு காரணம். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக நல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. குட்டநாட்டின் செடிகள், மீன்கள், படகுகள், சாதிக்கொரு பேச்சு என்று நிறைந்த நாவலை வேறு மொழியில் நிறுத்துவது சாதாரண வேலை இல்லை.

குறை இல்லாத நாவல் என்று சொல்லமாட்டேன். பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் பார்வை வழியாகவே வருகிறார்கள். சீதை தேடப்படுகிறாள், துரத்தப்படுகிறாள், அவள் என்ன நினைத்தாள் என்பது நமக்குக் குறைவாகவே கிடைக்கிறது. ஊர்ப்பேச்சே நாவலின் மொழி என்பதால், அந்தப் பேச்சின் வக்கிரமும் கூடவே வருகிறது. ஹரீஷ் எங்கே ஊரைக் கிண்டல் செய்கிறார், எங்கே ஊரோடு சேர்ந்து தானும் ரசிக்கிறார் என்று சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாவச்சன் விஷயத்திலும் இதே கேள்வி உண்டு. அவனைப் பேசவைக்காதது கலை ரீதியாகச் சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு புலையனின் வாயை மூடி வைத்துவிட்டு அவனைச் சுற்றிப் பிறர் பேசுவதை அறுநூறு விதமாக எழுதுவதில் ஓர் உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது.

சினிமாவில் ஹரீஷ் செய்ததைப் பார்த்தால் அதே ஆசை திரும்பத் திரும்ப வருகிறது. 'சுருளி'யின் மூலக்கதை வினோய் தாமஸ் எழுதியது, திரைக்கதை மட்டும் இவருடையது. இரண்டு போலீஸ்காரர்கள் வேறு பெயரில், வேலைக்கு வந்த ஆட்கள்போல ஒரு காட்டுக் கிராமத்துக்குப் போகிறார்கள், போன இடத்தில் தாங்கள் யார் என்பதே நழுவத் தொடங்குகிறது. படத்தில் வரும் கெட்ட வார்த்தைகளுக்காக கேரள உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போய், அதுவும் தள்ளுபடியானது.

தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது 'நண்பகல் நேரத்து மயக்கம்'. கதை லிஜோவுடையது, திரைக்கதை ஹரீஷ். வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டுத் திரும்பும் மலையாளிகளின் பேருந்து. அதில் ஜேம்ஸ் என்ற நாடகக் குழுக்காரர், மம்மூட்டி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் தூங்கிவழிகிறார்கள். ஜேம்ஸ் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல் வழியாக ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, ஒரு வீட்டுக்குள் தன் வீடு மாதிரி நுழைகிறார். கொடியில் கிடக்கும் லுங்கியைக் கட்டிக்கொள்கிறார், மாட்டுக்குத் தீனி வைக்கிறார், தமிழில் பேசுகிறார். அவர் இப்போது சுந்தரம், இரண்டு வருஷத்துக்கு முன் காணாமல் போனவன். சுந்தரத்தின் மனைவி திகைத்து நிற்கிறாள். டி.வி. முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் பார்வையில்லாத தாய்க்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை, மகன் வந்துவிட்டான். பின்னணியில் பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும் எங்கோ ஓடிக்கொண்டே இருக்கின்றன. பழனிப் பக்கத்தில் மஞ்சநாயக்கன்பட்டியில் எடுத்த படம். தொடக்கத்தில் வேளாங்கண்ணி விடுதியில் ஒரு குறள் வருகிறது, 'உறங்குவது போலுஞ் சாக்காடு' என்ற 339ஆவது குறள். அதைக் கவனித்துவிட்டால் மீதிப் படத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. 2022ஆம் ஆண்டுக்கான கேரள மாநிலச் சிறந்த படம் விருதும், மம்மூட்டிக்குச் சிறந்த நடிகர் விருதும் இதற்குக் கிடைத்தன.

போலீஸ் வேஷம் போட்ட வாவச்சனும், நாடகக்காரர் ஜேம்ஸும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். இருவரும் வேறொருவராக ஆகிறார்கள், கலைக்க முடியவில்லை, கலைக்க வேண்டும் என்று ஊர் நிற்கிறது. வாவச்சனை ஊர் பயந்து துரத்தியது. சுந்தரத்தின் ஊர் கைபிசைந்து நிற்கிறது, கோபப்படுகிறது, கொஞ்சம் ஏங்கவும் செய்கிறது.

'ஆகஸ்ட் 17' இதே விளையாட்டை ஒரு நாட்டுக்கே செய்து பார்க்கிறது. 1947இல் திருவிதாங்கூர் இந்தியாவோடு சேராமல் தனி நாடாக நிற்கும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தது வரலாறு. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவரை வெட்டினார்கள், காயத்தோடு தப்பினார், சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர சம்மதித்தது. அப்படிச் சேராமலே போயிருந்தால் என்ற கற்பனையில் எழுதியது இந்த நாவல். கேரள வரலாறு ஓரளவு தெரிந்தவர்களுக்கு நல்ல விருந்து. புதியவர்கள் இதிலிருந்து தொடங்கினால் பாதி நகைச்சுவை கைநழுவும், எது நடந்தது எது கட்டியது என்று தெரிந்தால்தான் அதில் சிரிக்க முடியும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் என் பரிந்துரை இது. மலையாளம் வாசிக்கத் தெரியும் என்றால் 'ஆதம்' தொகுப்பை எடுங்கள், முதலில் 'மாவோயிஸ்ட்'. தெரியாது என்றால் அதே தொகுப்பு ஜெயஸ்ரீ களத்தில் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் இருக்கிறது. கதையைப் படித்த பிறகு 'ஜல்லிக்கட்டு' படத்தைப் பாருங்கள், முன்னால் பார்த்தவர்களும் மறுபடி பாருங்கள், எழுத்தில் இருக்கும் கிண்டல் படத்தில் எங்கே உறுமலாக மாறியது என்று தெரியும். பிறகு 'மீச'. குட்டநாட்டு வரைபடம் ஒன்றைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது: கைனகரி, குமரகம், நீண்டூர், நடுவே வேம்பநாட்டுக் காயல். வாவச்சன் எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று பார்த்துக்கொண்டே போகலாம். அந்தச் சர்ச்சைக்குரிய பத்தி எங்கே என்று மட்டும் தேடிக்கொண்டு புரட்ட வேண்டாம், அது வரும், ஒரு பக்கம்கூட இருக்காது, கடந்து போய்விடும்.